நான்காவது சொல்

பொருளில்லாத சொற்களை ஒரு பிள்ளை எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்று பார்த்தால், பொருளுள்ள சொற்களை அது எப்படிப் படிக்கும் என்று தெரிந்துவிடுமாம். இரண்டாம் வகுப்பு ஆசிரியர் கும்போ முந்தாலிக்கு இந்த ஞானம் ஒரு பயிற்சி முகாமில், இரண்டு வேளை கோழிச் சாப்பாட்டோடு கிடைத்தது. கோழி நன்றாக வெந்திருந்ததால் அவர் எதிர்க்கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

திட்டம் இதுதான். ஆண்டுக்கு மூன்று முறை தலைநகர் லிலோங்வேயிலிருந்து இளைஞர்கள் டேப்லெட்டோடு வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, கடிகாரத்தை ஓடவிட்டு, சிச்சேவா மொழி போலவே ஒலிக்கிற, ஆனால் எந்தப் பொருளும் இல்லாத சொற்களைப் படிக்கச் சொல்வார்கள். அதைத் தாண்டினால் ஒரு குட்டிக் கதை. மதிப்பெண்கள் லிலோங்வேக்குப் பறக்கும். அங்கிருந்து நிறமாகத் திரும்பி வரும். பச்சை வந்தால் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள். மஞ்சள் வந்தால் முன்னேறலாமா என்று யோசிக்கிறார்கள். சிவப்பு வந்தால் ஆசிரியர் யோசிக்க வேண்டும், முடிந்தால் வேறு வேலையைப் பற்றி.

போன தவணையில் முந்தாலியின் வகுப்பு பச்சை வாங்கியது. பரிசாக ஒரு தகரப்பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் வந்தன. ஏரிக்கரையிலிருந்த அந்தப் பள்ளிக்கு அதற்குமுன் வந்த ஒரே கதைப் புத்தகம், யாரோ தவறுதலாக அனுப்பிய தையல் இயந்திரக் கையேடுதான். பிள்ளைகள் அதையும் விடாமல் படித்திருந்தார்கள். பெட்டியில் ஒரு நீர்யானை கல்யாணத்துக்குப் போய் நாற்காலியில் உட்காரும் கதை இருந்தது. நாற்காலி உடையும் பக்கம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் தொண்ணூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போக மறுப்பார்கள். முந்தாலியும் போக மாட்டார். அந்த நாற்காலி உடைவதில் அவருக்கே இன்னும் அலுப்பு வரவில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சிவப்பு வந்தால் பெட்டியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அது வேறொரு பச்சைப் பள்ளிக்குப் போகும். படிக்கத் தெரியாத பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுத்து வீணாக்குவானேன்? பசித்தவன் முன்னாலிருக்கும் தட்டை எடுத்து, சாப்பிட்டு ஏப்பம் விட்டவன் முன்னால் வைக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பயிற்சிக் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முந்தாலி தேடிப் பார்த்தார். ‘ஊக்கம்’ என்று எழுதியிருந்தது.

தேர்வு நாளன்று ஆசிரியர் காது கேட்கும் தூரத்தில் நிற்கக்கூடாது. முந்தாலி மைதானத்தின் கோல் கம்பத்தருகே, யாரும் உதைக்காத பந்தைத் தடுக்கப்போகிறவர் போல நின்றுகொண்டிருந்தார். தேர்வு நடந்த மாமரத்தடிக்கு முதலில் டாவோங்கா போனாள். மந்தாசி என்ற பொரித்த மாவு உருண்டையைச் சுற்றிக் கொடுக்கும் காகிதத்தில் எண்ணெய்க் கறைக்கு அடியில் இருக்கும் செய்தியைக்கூடப் படிக்கிற பெண். போனவள் உடனே திரும்பி வந்தாள்.

“என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு சார்.”

“கதை குடுத்தாங்களா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

டாவோங்கா தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். அது பதில் சொல்லவில்லை.

அடுத்தவனும் அப்படியே வந்தான். அதற்கடுத்தவளும். வருகிறவர்கள் எல்லோரும் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். காய்ச்சல் ஏதும் பரவுகிறதோ என்று முந்தாலி ஒருவன் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

கடைசியில் அலினாபேயின் முறை வந்தது. தெற்கே இருந்து மாற்றலாகி வந்த போலீஸ்காரரின் மகள். ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏரிக்கரைப் பேச்சு அவளுக்கு இன்னும் ஒட்டவில்லை. குரல் மட்டும் அப்பாவுடையது. அவள் படித்தது மைதானம் தாண்டிக் கேட்டது. முதல் சொல். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

வேலிக்கு வெளியே மந்தாசி விற்றுக்கொண்டிருந்த பெண்மணியின் கையிலிருந்து கூடை நழுவியது.

அந்த நான்காவது சொல்லுக்கு லிலோங்வேயில் பொருளில்லை. ஏரிக்கரையில் உண்டு. உடம்பின் ஒரு பகுதியையும், அது செய்யும் வேலையையும், அந்த வேலை சரியாக நடக்காதவரின் வம்சத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய, சிக்கனமான சொல். படகுக்காரர்கள் வலை அறுந்தால் சொல்வார்கள், அதுவும் கரையில் பெண்கள் இல்லையென்று பார்த்துக்கொண்டு. இந்தக் கதையிலும் அது அச்சேறாது. எழுதுகிறவனுக்கும் ஊரில் அத்தைகள் இருக்கிறார்கள்.

பெரியவர்கள் முன்னால் அதைச் சொல்வதற்குப் பிள்ளைகளுக்கு வாய் வரவில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவர் சட்டையை உள்ளேவிட்டு, பெல்ட் போட்டு, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெரியவர். பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் எந்திரம் சிறிது நேரம் பார்க்கும். பிறகு தானாகவே மூடிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கேட்கும். எந்திரத்துக்கு ஊரில் அத்தைகள் கிடையாது.

முந்தாலி மாமரத்தடிக்கு ஓடினார்.

“தம்பி, அந்த நாலாவது சொல்ல மட்டும் எடுத்துட்டு இன்னொரு தடவ கேளுங்க. எங்க ஊர்ல அதுக்கு...”

“சார், நீங்க இங்க வரக்கூடாது. வந்தது பதிவாயிருச்சு.”

“அதுக்கு இங்க ஒரு அர்த்தம் இருக்கு தம்பி.”

“அதுக்கு அர்த்தமே கிடையாது சார். அர்த்தம் இல்லன்னு சோதிச்சுப் பாத்துத்தான் போட்டிருக்காங்க.”

படித்த பையன். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நிறம் வந்தது. சிவப்பு. அதோடு திட்டத்தின் மண்டல அதிகாரி மகாவாவும் நேரில் வந்தார், காரில், எலியா என்ற ஏரிக்கரைக்கார ஓட்டுநரோடு. தலைமையாசிரியை அறையில் அவர் ஒரு தாளை விரித்தார். வகுப்பின் மதிப்பெண்களை வரைந்த கோடு, அடிமட்டத்தை வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. எல்லோருக்கும் மூன்று. ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கொடிமரம் போல உயரத்தில் நின்றது. அது அலினாபே. ‘நல்ல குடும்பச் சூழலின் வெற்றி’ என்று அவள் அப்பாவுக்குப் பாராட்டுக் கடிதம் போய், அவர் அதைக் காவல் நிலையத்தில், தேடப்படும் குற்றவாளிகளின் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

“இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல” என்றார் மகாவா, புது நோயைக் கண்டுபிடித்த வைத்தியரின் மகிழ்ச்சியோடு. “பிள்ளைங்க மூணு சொல்லுல களைச்சுப் போறாங்க. மூச்சுப் பத்தல. இதுக்கு ‘நாலாம் சொல் சோர்வு’ன்னு பேர் வெச்சிருக்கேன். கட்டுரை எழுதப்போறேன். சரி, பெட்டிய இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருவேன்.”

“சார், பெட்டி மட்டும்...” என்றார் முந்தாலி.

“காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

இருந்தது. ஆனால் சொல்ல முடியாது. ஏனென்றால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை நியாகொண்டோவே அம்மாள், முந்தாலியின் மனைவிக்குச் சித்தி. சின்ன மாமியார் என்றாலும் மாமியார் மாமியார்தான்; மருமகன் அவர் முகம் பார்த்துப் பேசக்கூடாது, அவர் எதிரில் சாப்பிடக்கூடாது, அந்தச் சொல்லையோ அதன் தூரத்து உறவையோ நினைக்கக்கூட மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அரசாங்கம் மாற்றல் போடும்போது இதையெல்லாம் பார்ப்பதில்லை. பள்ளி விஷயமென்றால் இருவரும் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அந்த ஜன்னலுக்குப் பள்ளியின் நிர்வாகம் முழுவதும் அத்துப்படி.

அம்மாளுக்கும் விஷயம் தெரியும். மந்தாசிக்காரப் பெண்மணி அன்றைக்கே வந்து ஒப்பாரி வைக்காத குறையாகச் சொல்லிவிட்டிருந்தாள். ஆனால் மருமகன் உட்கார்ந்திருக்க அவர் எப்படி வாயைத் திறப்பார்?

மகாவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தாலி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். நியாகொண்டோவே அம்மாள் தன்னுடையதைப் பார்த்தார். சிறிது நேரம் காத்திருந்துவிட்டு மகாவா, அவருடைய எந்திரத்தைப் போலவே, கோப்பை மூடினார்.

“அப்ப காரணம் இல்ல.”

வெளியே பெற்றோர்கள் கூடியிருந்தார்கள். முடிவுகளை ஊராருக்கு விளக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. தகரப்பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டாவோங்கா மூடிமேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள், தூங்குகிற மாட்டைத் தடவுகிறவள் போல. அதை முந்தாலி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெரிய வீரரல்ல. சம்பளம் தாமதமானதற்கு எழுதிய மனுவைக்கூட மன்னிப்புக் கேட்டுத்தான் ஆரம்பித்தவர். ஆனால் கோழைக்கும் சில சமயம் நல்ல யோசனை வந்துவிடுகிறது.

“சார், நான் சொன்னா ஊர்ல நம்பமாட்டாங்க. எவ்வளவு சுலபமான வார்த்தைங்கன்னு நீங்களே ஒரு தடவ படிச்சுக் காட்டிருங்க.”

நியாகொண்டோவே அம்மாள் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“ஜன்னலே, மாஸ்டர் சொல்றது நல்ல யோசனையாத்தான் படுது. சார் சத்தமாப் படிச்சா இன்னும் நல்லது. ஊர்த்தலைவருக்குக் காது மந்தம்.”

மாமியாரும் மருமகனும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

மகாவா கூட்டத்தின் நடுவில் நின்று டேப்லெட்டை உயர்த்தினார். “இது என்ன மலையா? ஏழு வயசுப் பிள்ளை சொல்லவேண்டியது. கேளுங்க.” முதல் சொல்லைப் படித்தார். இரண்டாவது, மூன்றாவது. பிறகு நெஞ்சை நிமிர்த்தி நான்காவதைப் படித்தார்.

ஊர்த்தலைவருக்குக் காது அன்றைக்கு நன்றாகக் கேட்டது. அவர் தொப்பியைக் கழற்றினார். கழற்றியதை என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தின்மேல் வைத்துக்கொண்டார். பெண்கள் தோளில் கிடந்த துணியைத் தலைக்கு இழுத்தார்கள். தேவாலய மூப்பருக்கு வீட்டில் ஆட்டை அவிழ்த்துவிட்டு வந்த நினைவு வந்து எழுந்து நடந்தார்.

“காதுல விழலையா?” என்ற மகாவா இன்னும் உரக்கச் சொன்னார். பிறகு, முகாமில் சொல்லித்தந்த முறைப்படி, அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் கைதட்டினார். “இப்ப எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க பாப்போம்.”

ஒரு கைக்குழந்தை மட்டும் சொல்லிப் பார்த்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். அலினாபேயின் அப்பா, மகளின் பாராட்டுக் கடிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தவர், பெருமையாக ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னதும் கடிதத்தை நாலாக மடித்தார்.

மூன்றாவது முறை கைதட்ட மகாவா கையைத் தூக்கியபோது முந்தாலிக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் நெற்றியில் வியர்வை பூக்க, உண்மையான அக்கறையோடுதான் சொல்லித்தந்துகொண்டிருந்தார்.

“எலியாண்ணே, போய்ச் சொல்லிருங்க.”

“நானா? உங்க யோசனைதான மாஸ்டர் இது?”

“நீங்க ரெண்டு பேரும் ஒரே வயசு. ஒரே கார்ல வந்தவங்க. உங்களால முடியும்ணே.”

எலியா போனார். மகாவாவின் காதில் குனிந்தார். மகாவாவின் உயர்ந்த கைகள் அப்படியே நின்று, பிறகு ஏதோ கனமான பொருளை இறக்குவது போல மெதுவாகக் கீழே வந்தன. அவர் தன் காலணியின் நுனியைப் பார்த்தார்.

ஆசிரியர் அறையில் முந்தாலி மகாவாவுக்குத் தேநீரும் மந்தாசியும் வைத்தார்.

“ஏன் மாஸ்டர் முன்னாடியே சொல்லல?”

“அவங்க எனக்குச் சின்ன மாமியார் சார்.”

“பிள்ளைங்க?”

“நீங்கல்லாம் பெரியவங்க சார்.”

மகாவா மந்தாசியைப் பிய்த்தார், ஆனால் சாப்பிடவில்லை. “அப்ப அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“படிச்சதாலதான் சார் நின்னாங்க. தெரியாத பிள்ளையா இருந்தா எதையாவது உளறிட்டுத் தாண்டிப் போயிருக்கும்.”

“அதுக்கு எந்திரத்துல கட்டம் இல்லையே மாஸ்டர்.”

“தெரியும் சார்.”

“அந்தச் சொல்ல எடுக்கணும்னா என்ன அர்த்தம்னு விளக்கி மேல எழுதணும். இயக்குநர் அம்மாவுக்கு. எங்கம்மா வயசு இருக்கும் அவங்களுக்கு.” அவர் பேனாவை எடுத்தார், பார்த்தார், திரும்பப் பையில் செருகினார்.

நான்காவது சொல்லில் நின்றவர்களின் எண்ணிக்கை அன்று ஒன்று கூடியது.

கிளம்பும்போது மகாவா எலியாவை மீன் கொட்டகைக்கு அனுப்பினார். எலியா காய்ந்த உசிப்பா மீனைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து காரின் பின்பெட்டியை நிரப்பினார். மிஞ்சியதைப் பின்சீட்டில் அடுக்கினார். மகாவா சுற்றி வந்து பார்த்தார்.

“என்ன எலியா, புத்தகப் பெட்டிக்கு இடமே இல்லையே.”

“மீன கொஞ்சம் நகத்துனா வெச்சிரலாம் சார்.”

“நகத்தாத. நசுங்கிரும்.”

“காஞ்ச மீன் சார் இது. நசுங்காது.”

“எலியா, வண்டிய எடு.”

கார் நாறிக்கொண்டே போனது. டாவோங்கா மூடியிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

வகுப்பின் நிறம் மாறவில்லை. பெட்டியை ‘பின்னர் எடுத்துச் செல்லப்படும்’ என்று மகாவா குறித்துவிட்டதாக எலியா சொல்லியனுப்பினார். திட்டமும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று கணினி தானாகவே கண்டுபிடித்து, வகுப்புக்கென்றே ஒரு கட்டுப் பயிற்சித்தாள் அனுப்பிவைத்தது. ஒவ்வொரு தாளிலும் நான்காவது சொல், மேலிருந்து கீழ்வரை, வரிசை வரிசையாக, ஒருமுறை கொட்டை எழுத்தில், ஒருமுறை புள்ளிக்கோட்டில். கீழே: ‘வீட்டில் பெரியவர்களிடம் தினமும் உரக்கப் படித்துக் காட்டவும்.’

நல்ல கெட்டித்தாள். ஒரு பக்கம் வெள்ளை. முந்தாலி கட்டோடு தலைமையாசிரியை அறைக்குப் போய் ஜன்னலிடம் யோசனை கேட்டார். ஜன்னல் சற்று நேரம் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, பிசின் புட்டியை அவர் பக்கம் நகர்த்தியது.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தகரப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து எல்லாப் புத்தகங்களுக்கும் அட்டை போட்டார்கள், அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி. அலினாபே மட்டும் ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“சார், உள்பக்கம் என்னவோ எழுதியிருக்கே?”

வகுப்பு மொத்தமும் கால் கட்டைவிரலைப் பார்த்தது. முந்தாலி நீர்யானைக் கதையைப் பிரித்து அவள் மடியில் வைத்தார்.

“அத விடும்மா. இத உன் குரல்ல படி. நாற்காலி உடையிற சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் கேக்கணும்.”