பச்சைப் பேன்

பெயிண்ட் விலை இரண்டாம் முறை ஏறிய வருடத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தலையில் இருந்த பேன்கள் அவரவர் வீட்டுச் சுவரின் நிறத்துக்கு மாறின. முதலில் பார்த்தது நாலாம் வகுப்பு டீச்சர். முன்வரிசையில் தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒரு பையனின் நோட்டில் ரோஜா நிறத்தில் ஏதோ விழுந்து, வகுத்தல் கணக்கைக் குறுக்கே கடந்து போனது. பாசிமணி என்று நினைத்து எடுக்கப் போனவர், அதற்குக் கால் இருப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். பையனின் வீடும் ரோஜா நிறம்தான். அதற்கப்புறம் எல்லார் தலையையும் எல்லாரும் பார்த்தார்கள். வெள்ளையடித்த வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளைப் பேன். பூச்சு வேலை முடியாத வீட்டுக்குச் சிமெண்ட் நிறப் பேன். வாசல் சுவரில் பூப்போட்ட டைல்ஸ் ஒட்டிய கான்ட்ராக்டரின் மகளுக்கு முதுகில் பூப்போட்ட பேன். மிகவும் நொந்துபோனவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்தான். "பேன்கூட வீட்டுக்காரன் கலர்லதான் இருக்கணுமா?" என்று ஒரு குமாஸ்தா மருந்துக்கடையில் நின்று எல்லோரும் கேட்கும்படி புலம்பினார்.

ஒரு தலையில் நிறம் பிடித்த பேன், அடுத்த தலைக்குக் குடிபோனாலும் பழைய நிறத்தோடே போனது. சங்கடம் அதில்தான் இருந்தது. அதுவரை எல்லா அம்மாக்களுக்கும் ஒரே பாட்டுதான்: எங்கள் வீட்டில் பேனே கிடையாது, பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. யார் தலையிலிருந்து என்பது மட்டும் தெரியாது. அந்தத் தெரியாமையில் எல்லோருடைய மானமும் பத்திரமாக இருந்தது. இப்போது வெள்ளைத் துணியை விரித்து, ஈரத்தலையைப் பேன்சீப்பால் சீவினால் போதும், பிள்ளை யாரோடெல்லாம் ஒட்டி உட்கார்ந்தது என்பது துணியில் வந்து விழுந்தது. பள்ளிக்கு வந்த நர்ஸம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். பேன் அழுக்குத் தலை, சுத்தத் தலை என்று பார்க்காது. மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, மொட்டை போடத் தேவையில்லை. பேனுக்குப் பறக்கத் தெரியாது, குதிக்கத் தெரியாது, தலையோடு தலை சேர்ந்தால் மட்டும் நடந்து போகும். தெரு கடைசி வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

இதில் வசமாக மாட்டியது இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், அண்ணன் இருந்த இடது பாதி நீலம், தம்பி இருந்த வலது பாதி மஞ்சள். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தார்கள். அங்கே ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு, தெருமுனை வந்ததும் ஆளுக்கொரு ஓரமாகப் பிரிந்து, முன்பின் தெரியாதவர்கள்போல வீடு சேருவார்கள். காரணம் மனைவிமார். பாகம் பிரித்த அன்று குக்கர் மூத்தவளுக்கும் அதன் மூடி இளையவளுக்கும் போனது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. நின்றது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது, பின்கட்டுக் குழாயடியில் சாடைப் பேச்சு தினமும் உண்டு. மூத்தவள் வாளியைப் பார்த்துப் பேசுவாள், இளையவள் துடைப்பத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். அந்த வாளியும் துடைப்பமும் வாங்கிய ஏச்சை மனிதர்கள் வாங்கியிருந்தால் என்றோ ஊரைவிட்டுப் போயிருப்பார்கள்.

இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பெண் குழந்தை. மூத்தவளின் மகளைத் தெரு வாயாடி என்றது, இளையவளின் மகளை அமுக்குணி என்றது. இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. வீட்டில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அதை அவர்கள் வீட்டில் மட்டும் தவறாமல் கடைப்பிடித்தார்கள். இது இளையவளின் காதுக்கு எட்டியதும், அவள் தன் பிறந்த வீட்டுத் தம்பியிடம் சொல்லி வெளியூர் ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் மகளுக்கு இடம் பிடித்துவிட்டாள். படிப்புக்காக என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் மகளோடு சேரக் கூடாது என்பதற்காக என்று துடைப்பத்துக்குக்கூடத் தெரியும்.

பெட்டியோடு போன அமுக்குணி அன்றைக்கே பெட்டியோடு திரும்பி வந்தாள். ஹாஸ்டல் வார்டன் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்ல நீலத்தில் ஒன்றை நகத்தில் எடுத்துக் காட்டி, "ஒரு ஈர் இருந்தாலும் சேர்க்க மாட்டோம், சுத்தம் பண்ணிக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாராம். இளையவள் மருந்து போட்டாள், சீவினாள், தலையணை உறையைக் கொதிநீரில் முக்கினாள். நாலு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் நீலம். மறுபடியும் மருந்து, மறுபடியும் நீலம். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நடந்தது அவளுக்குத் தெரியாது. இடைவேளை மணி அடித்ததும் இரண்டு பெண்களும் அங்கே போய், பேன் எடுப்பதற்கு அல்ல, பேன் விடுவதற்குத் தலையை ஒட்டிவைத்து உட்கார்ந்தார்கள்.

"வந்துச்சா?" என்பாள் அமுக்குணி.

"இருடி, நடந்துதானே வரணும். வழி கேட்டுக்கிட்டிருக்கும்."

"சீக்கிரம் வரச் சொல்லு. அம்மா இன்னைக்குச் சாயந்திரம் பார்ப்பாங்க."

"என் பேச்சை எங்கம்மாவே கேட்கிறதில்ல, பேன் கேட்குமா? நீ ஆடாம உட்காரு. உன்னை அங்க விட்டுட்டு நான் யாரோடடி உட்கார்றது?"

குழாயடியில் அன்று துடைப்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "சில பேரு வேணும்னே பேனை வளர்த்துத் தூது விடுறாங்க" என்றாள் இளையவள். "எங்க வீட்டுப் பேனுக்காவது போக வர நாலு இடம் இருக்கு" என்றாள் மூத்தவள் வாளியிடம். அவள் மகள் தலையில் மஞ்சள் பேன் ஊர்ந்துகொண்டிருந்ததை அவள் வெளியே சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலே தெருவுக்குத் தெரியும்.

கடைசியில் நர்ஸம்மாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. "ரெண்டு வீட்லயும் ஒரே நாள்ல மருந்து போடணும். ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் போடணும். நடுவுல விடாம சீவணும். ஒரு வீடு போட்டு ஒரு வீடு போடலன்னா ஓட்டை வாளியில தண்ணி பிடிக்கிற கதைதான்" என்றார். அந்தப் பக்கம் ஒழுங்காகச் சீவுவார்கள் என்று யார் உத்தரவாதம் என்று இளையவள் கேட்டாள். அதே கேள்வியை மூத்தவள் வாளியிடம் கேட்டாள். நர்ஸம்மாவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "அப்ப அவங்க பொண்ணுக்கு நீங்க சீவுங்க, உங்க பொண்ணுக்கு அவங்க சீவட்டும். ஆளை விடுங்க" என்று எரிச்சலில் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரும் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியாகத்தான் பின்கட்டில் இரண்டு முக்காலி போடப்பட்டது. மூத்தவள் முன்னால் அமுக்குணி, இளையவள் முன்னால் வாயாடி. முதல் சில நாட்கள் பேச்சு பிள்ளைகளின் தலை வழியாகவே போய்வந்தது. "ஏண்டி, உங்கம்மா உனக்கு எண்ணெய்னு ஒண்ணு வைக்கிறதே இல்லையா?" "உங்கம்மாகிட்ட சொல்லு, உன் தலையில எண்ணெய் வடியறதுல பேன் நீச்சல் அடிக்குதுன்னு." சுற்றுவட்டாரத்தில் மாடியில் துணி காயப்போட வேண்டிய வேலை எல்லோருக்கும் அந்த நேரத்தில்தான் வந்தது. ஒருநாள் இளையவளின் சீப்புப் பல் உடைந்தது. கையை நீட்டி, "அந்தச் சீப்பைக் குடுங்க அக்கா" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாளி பக்கத்திலேயே இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. மூத்தவள் சீப்பை ஈரம் துடைத்துக் கொடுத்தாள். மாடிகளில் காய்ந்துபோன துணிகள் அப்படியே தொங்கின.

அந்த வாரத்தில்தான் ஈர்கள் பொரிந்து பச்சைப் பேன்கள் வந்தன. நல்ல இலைப் பச்சை. ஊரில் பச்சை வீடே கிடையாது. கான்ட்ராக்டர் சந்து சந்தாகப் போய்த் தேடினார். பெயிண்ட் கடைக்காரர் அப்படியொரு டப்பா விற்கவே இல்லை என்று அடித்துச் சொன்னார். "எங்களது இல்ல" என்று மூத்தவளும் இளையவளும் ஒரே குரலில் சொன்னார்கள். பல வருடங்களில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் என்ன வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்ன பிறகு, ஊர் தேடுவதை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்த்தது.

மருந்தும் சீப்பும் நன்றாகவே வேலை செய்தன. நீலம் ஒழிந்தது, மஞ்சள் ஒழிந்தது, பச்சையும் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒட்டிவைத்த தலைகளில் கொடுக்கவும் வாங்கவும் ஒன்றும் இல்லை. வாயாடி பேச்சைக் குறைத்துவிட்டாள் என்று டீச்சரே கவலைப்பட்டார். முக்காலிகளில் மட்டும் பேச்சு கூடிக்கொண்டே போனது. சீவுவது கொஞ்ச நேரம், மீதி நேரம் அச்சகத்துக்காரர்கள் இருவரும் வீட்டில் எப்படி ஒரே மாதிரி குறட்டை விடுகிறார்கள் என்பது. இரண்டாம் தவணை மருந்தும் போட்டாயிற்று. மறுநாள் காலை ஹாஸ்டலுக்குப் போவதற்குப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது.

அன்று சாயந்திரம் மூத்தவள் அமுக்குணியின் தலையை முடி முடியாகப் பிரித்தாள். இடது காதுக்குப் பின்னால், முடியின் வேரில், கசகசா அளவுக்கு ஒரு பச்சை ஈர் ஒட்டியிருந்தது. மூத்தவளின் சீப்பு அதுவரை வந்து நின்றது. பிறகு அந்த முடியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. எதிர் முக்காலியில் இருந்து இளையவள் இதைப் பார்த்தாள். ஈரையும் பார்த்தாள், சீப்பு அதைச் சுற்றிக்கொண்டு போனதையும் பார்த்தாள்.

"முடிஞ்சுதாக்கா?" என்றாள்.

"முடிஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றாள் மூத்தவள், தலை நிமிராமல். "எதுக்கும் நீ ஒரு தடவை பார்த்துக்கோ. உன் பொண்ணு."

இளையவள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள், பிறகு ஒதுக்கியதை அப்படியே மூடிவிட்டாள். "எங்க முடிஞ்சுது? அப்படியே இருக்கு. நாளைக்கும் சீவணும்" என்றாள். அமுக்குணி வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. வாயாடியும் திறக்கவில்லை. தெருவில் பேனைவிட இதைத்தான் அதிசயமாகப் பேசினார்கள். பெட்டியை யார் உள்ளே எடுத்துவைத்தார்கள் என்று தெரியவில்லை, காலையில் வாசலில் இல்லை.

வார்டன் போன் பண்ணினார். அடுத்த வருடமும் பண்ணினார், அதற்கடுத்த வருடமும். அட்மிஷன் நேரத்தில் தவறாமல் இரட்டை வீட்டில் போன் அடிக்கும், இளையவள் எடுப்பாள், பின்கட்டில் முக்காலிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். "இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்பாள். பச்சைப் பொய் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, பச்சை என்ற வரையில் அது உண்மைதானே. பெண்கள் இருவரும் ஒரே பெஞ்சில் பத்தாம் வகுப்பை முடித்த வருடமும் வார்டன் கேட்டார்: "ஏம்மா, இத்தனை வருஷமா ஒண்ணேதானா?"

"ஒண்ணேதாங்க" என்றாள் இளையவள். "நல்லா இருக்கு."

வார்டன் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.