ஏழாவது கட்டம்

நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது, வந்தவரின் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நிறுத்த வேண்டும். எடுப்பவர் கண்ணில் விரல்கள் படாமல் போகாது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் எக்ஸ்ரே அக்கா என்று கூப்பிடும் அவளுக்குப் பதினோரு வருஷமாக இதுதான் வேலை. படத்தில் கெட்ட நிழல் விழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விரல் மஞ்சளாக இருப்பதைக் கவனித்து வைத்திருந்தாள். அவள் அண்ணன் விரலும் அப்படித்தான் இருந்தது. அவன் படத்தை இருட்டறையில் கழுவி எடுத்தவளும் அவள்தான்.

அண்ணன் செத்துப்போன மறுமாதம், பதிவேட்டில் அச்சடித்திருந்த ஆறு கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஏழாவதாக ஒன்று போட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்? வந்த எல்லாரையும் கேட்டாள். புத்திமதி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கேட்ட கேள்வி சும்மா கிடக்குமா? வெளியே பெஞ்சில் இருந்தவர்கள், "இதை எதுக்குக் கேக்கறாங்க?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சிகரெட்டால் நெஞ்சில் புற்று வருவதாக வெளிநாட்டு டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்று பத்திரிகை மூலையில் வந்த செய்தியை ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டினார். அன்றைக்குப் பெஞ்சுக்கடியில் பாதியில் அணைத்த சிகரெட் துண்டுகள் நிறையக் கிடந்தன.

விஷயம் பெரிய டாக்டர் காதுக்குப் போயிற்று. சிகரெட் இல்லாமல் அவரைப் பார்த்தது பெற்ற தாய் மட்டும்தான் என்று நர்ஸுகள் சொல்வார்கள்.

"வர்றவங்களை பயமுறுத்தறியா? எதுவும் நிரூபணம் ஆகல. இன்னொரு தடவை நீ இதைக் கேட்டா, சலவைக் கிடங்குல போர்வைதான் எண்ணணும்."

"கேள்வி கேட்டு யாரும் சாகலையே சார்" என்றாள்.

மறுநாள் அவரே வந்து எக்ஸ்ரே அறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பஞ்சு வைக்கிற தட்டில் சாம்பலைத் தட்டினார். அவள் பதிவேட்டை விரித்து வைத்தாள்.

முதலில் ஒரு லாரி டிரைவர். சட்டையைக் கழற்றியதும், "நாப்பதுங்க. இருபது வருஷமா" என்றார்.

"உன்னை யாருய்யா கேட்டா?" என்று பெரிய டாக்டர் சீறினார்.

"யாரும் கேக்கலீங்க. இங்க கேப்பாங்கன்னு வெளியில சொன்னாங்க. மறந்துட்டாங்க போலன்னு நானே சொல்லிட்டேன்."

எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நாற்பது என்று எழுதினாள்.

அடுத்து வந்தவள் தையல்காரி. "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. வீட்டுக்காரருக்கு இருபது. ஒரே ரூம்தான். அதை எம்பேர்ல எழுதுவீங்களா, அவர் பேர்லயா?"

மூன்றாவதாக ஒரு பெயிண்டர். கையை இடுப்பில் வைத்து நின்றவர், மூலையில் எழுந்த புகையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு எத்தனைங்க?"

கதவுக்கு வெளியே பெஞ்சு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. எக்ஸ்ரே அக்கா பேனா மூடியைக் கழற்றினாள். பயம் போன இடம் தெரியவில்லை. அண்ணனை நினைத்து வந்த கோபம்தான் மிச்சம் இருந்தது.

"நான் கேக்கல சார்" என்றாள்.

பெரிய டாக்டர் விருட்டென்று எழுந்து போனார். தட்டில் துண்டு புகைந்துகொண்டே இருந்தது. அதை அணைத்துவிட்டு, பதிவேட்டில் அவர் பேரை எழுதினாள். ஏழாவது கட்டத்தில், 'சொல்ல மறுத்துவிட்டார்' என்று மையால் அழுத்தி எழுதினாள். பிறகு பெயிண்டரிடம், "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க" என்றாள்.

மாற்றல் உத்தரவு மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. அவள் இடத்துக்கு வந்தவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் ஆட்கள் சட்டையைக் கழற்றியதுமே எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறார்களாம்.

சலவைக் கிடங்கில் அவள் எண்ண எடுத்த முதல் போர்வை டாக்டர்கள் ஓய்வறையிலிருந்து வந்தது. உதறிப் பார்த்தாள். நடுவில் சிகரெட் சுட்ட ஓட்டை மூன்று.

போர்வைக் கணக்கு நோட்டைத் திறந்து ஸ்கேலை எடுத்தாள்.