துன்யாவுக்குப் பெயர் வைத்தவர்

புனித லூக்கா நாளன்று திஹோமிர் வீட்டில் உட்கார இடமில்லை. குடும்பப் புனிதரின் திருநாளுக்கு எங்கள் பக்கத்தில் யாரையும் அழைப்பதில்லை. வர நினைப்பவர்கள் வருவார்கள். திஹோமிர் வெறும் ஆர்க்கிடெக்டாக இருந்தவரை ஒரே மேசை போதுமாக இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஆன பிறகு நகராட்சித் தலைவர், பள்ளி முதல்வர், மணல் காண்டிராக்டர், காண்டிராக்டரின் மச்சான் என்று எல்லாருக்கும் திடீரென்று லூக்கா மேல் பக்தி பொங்கிவிட்டது. இந்த வருடம் தலைநகர் பெல்கிரேடிலிருந்து கட்சிக் கொறடா மிலுதினே காரில் வந்து இறங்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாப்பாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

திஹோமிர் மட்டும் வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஸ்ரெத்கோ வருவானா, வந்தால் என்ன கேட்பான் என்பதுதான் அவருடைய பயமெல்லாம். வராவிட்டால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது. வராவிட்டால் இனி எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்றது இன்னொரு மனம்.

ஸ்ரெத்கோ அவருக்குக் கூம். எங்களிடையே அது ரத்த உறவைவிடப் பெரியது. பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத் தொட்டியருகே அதைக் கையில் ஏந்துகிறவன் கூம்; பெயர் வைப்பதும் அவன்தான், பெற்றவன் வாயைத் திறக்கக்கூடாது. ஸ்ரெத்கோவின் மகளுக்குத் துன்யா என்று பெயர் வைத்தார் திஹோமிர். அலமாரிமேல் அடுக்கினால் குளிர்காலம் முழுக்க வீட்டை மணக்கவைக்கும் மஞ்சள் பழம் அது. இந்த வருடம் அவர் மனைவி ஸ்தானா அந்தப் பழத்தை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

மே மாத மழையில் ஊருக்கு மேலிருந்த மலைச்சரிவு அப்படியே இறங்கி வந்தது. ஸ்ரெத்கோவின் வீடும் அதோடு போயிற்று. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த துன்யா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்ரெத்கோ தொழுவத்தில் மாட்டை அவிழ்த்துவிடப் போனதால் பிழைத்தான். பிழைத்ததை அவன் அதிர்ஷ்டமாக நினைக்கவில்லை.

அந்த வீட்டுக்கு பிளான் போட்டவரும் திஹோமிர்தான். அந்தக் காலத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு யார் வீடு கட்டினார்கள்? முதலில் கூரை, காகிதம் பிறகு என்று ஊரே கட்டியது. வருடங்கள் கழித்துச் சுவர்களில் விரிசல் கண்டபோது அவர் சரிவில் துளை போட்டுப் பார்த்தார். அடியில் வழுக்கும் நீலக் களிமண்; பெருமழை வந்தால் மேல்மண் சறுக்கி இறங்கிவிடும். ஊரில் சொன்னால் கலவரமாகிவிடும், சட்டம் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நம்பித்தான் மனுஷர் அரசியலில் இறங்கினார். நல்ல எண்ணம்தான், அதை மறுக்க முடியாது.

அனுமதியில்லாத வீடுகளை வரன்முறைப்படுத்தும் சட்டம் வந்தது. சரிவு நிலத்தில் மண்ணைச் சோதித்த பிறகே காகிதம் என்று ஒரு வரியைத் தானே எழுதிச் சேர்த்தார். தேர்தல் நெருங்கியதும் மிலுதின் அந்த வரியை அடித்துவிட்டார்.

"நீ மண்ணைத் தோண்டி முடிக்கறதுக்குள்ள ஓட்டெல்லாம் அடுத்தவன் பெட்டிக்குப் போயிடும்யா, ஆர்க்கிடெக்டு!"

அவையில் கொறடா பென்சிலைத் தூக்கினால் ஆதரவு, மேசையில் கிடத்தினால் எதிர்ப்பு. அன்றைக்குத் தூக்கினார். திஹோமிர் பொத்தானை அழுத்தினார். அடுத்த முறை ஜெயித்து வந்து அந்த வரியைச் சேர்த்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காகிதம் கைக்கு வந்த அன்று ஸ்ரெத்கோ முழு ஆட்டைக் கம்பியில் சுட்டு விருந்து வைத்தான். துன்யா அவர் கன்னத்தில் முத்தமிட்டு, "எனக்கு மட்டுமா, இப்ப எங்க வீட்டுக்கும் நீங்கதான் ஞானஸ்நானம் குடுத்திருக்கீங்க!" என்று சிரித்தாள்.

மதியம் தாண்டி ஸ்ரெத்கோ வந்தான். கறுப்புச் சட்டை, மழிக்காத தாடி. பேச்சு அடங்கியது. காண்டிராக்டரின் மச்சான் மென்றுகொண்டிருந்ததைக்கூட நிறுத்திவிட்டான்.

"திருநாள் நல்லபடியா நடக்கட்டும், கூமே."

சிலுவைக் குறி போட்டு, ஸ்தானா நீட்டிய இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்தான். உட்காரவில்லை.

"இயற்கைச் சீற்றம் தம்பி," என்றார் மிலுதின். "யாரு என்ன பண்ண முடியும், சொல்லு?"

"உங்களக் கேக்கலைங்க." ஸ்ரெத்கோ திரும்பினான். "கூமே, ஊருல ஒரு பேச்சு ஓடுது. அந்தச் சரிவு இறங்கும்னு யாருக்கோ முன்னாடியே தெரியுமாம். மண்ணப் பத்தித் தெரிஞ்சவன் நீதான். நீ சொல்லு. தெரியுமா?"

சமையலறை வாசலில் ஸ்தானா நின்றாள். சரிவில் துளை போட்டு நீலக் களிமண் அப்பிய பூட்ஸோடு அவர் வீடு திரும்பிய நாளில் அதைத் தேய்த்துக் கழுவியவள் அவள். இங்கே பென்சில் தூக்க யாருமில்லை. மிலுதின்கூடத் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடு என்று திஹோமிரின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"இல்ல கூமே. யாருக்கும் தெரியாது."

ஸ்ரெத்கோ அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அந்தப் பெரிய உடம்பு தளர்ந்தது. அவன் வந்து அவரைக் கட்டிப்பிடித்து, வழக்கப்படி மூன்று முறை முத்தமிட்டான். தாடி கண்ணீரில் நனைந்திருந்தது.

"நான் பாவி, கூமே. மே மாசத்துலேர்ந்து உன்னத்தான் சந்தேகப்பட்டேன். கல்லறையில நின்னுக்கிட்டு உன்னைச் சபிச்சேன். அவளுக்குப் பேரு வச்ச கையை சபிச்சேன். உன்னப்போயி நினைச்சேனே! என்னை மன்னிச்சிடு."

திஹோமிர் அவன் பிடியிலிருந்து விலகப் பார்த்தார். ஸ்ரெத்கோ விடவில்லை, தோளைப் பற்றி உலுக்கினான்.

"எல்லார் முன்னாடியும் சொல்லு, கூமே. உன் வாயால சொன்னாதான் எனக்குத் தூக்கம் வரும். மன்னிச்சுட்டேன்னு சொல்லு."

ஸ்தானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்," என்றார் திஹோமிர்.