மாயம்மாளைக் கூட்டிப்போனது

மாயம்மாளின் இடது மார்பில் ரூபியின் விரலுக்குத் தட்டுப்பட்ட கட்டி சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. வலியில்லாததால் மாயம்மாள் அதைச் சட்டை செய்யவில்லை. ஊருக்கு வரும் நர்ஸ் ரூபிதான், திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை வாங்க என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

கடைசியில் ஒருநாள் விடிந்ததும் நேராக மல்லிகைத் தோட்டத்துக்கே போய்விட்டாள்.

"பூவை எடுக்காம எப்பிடி வர்றது நர்சம்மா? வெயில் ஏறுனா மொக்கு விரிஞ்சிரும். தோட்டக்காரரு வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாரு."

"பறிச்சிட்டே வாங்கக்கா. நானும் கூடப் பறிக்கிறேன்."

ரூபி டவுனில் வளர்ந்தவள். ஒரு வரிசை முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. பக்கத்து வரிசைப் பெண்கள் அவள் பறிக்கும் அழகைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வடமதுரையில் பஸ் ஏறி இருவரும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது சீட்டுக் கொடுக்கும் நேரம் முடிந்திருந்தது. ரூபி பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். நாளைக்கும் அதே தோட்டம், அதே பூ, அதே பஸ்.

மாயம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்ப வீட்டுக்குப் போனா நா திரும்ப வரமாட்டேன். என்னைய எனக்குத் தெரியும். இங்கனயே எங்கயாச்சும் படுத்துக்கிறேன், நீங்க போங்க."

"இங்கன எதுக்கு? பக்கத்துலதான் எங்க வீடு, வாங்க."

ரூபியின் கணவன் மிக்கேல்ராஜ் ரசம் வைத்து, வெஞ்சனத்துக்கு முட்டை பொரித்தான். சாப்பிடும்போதே ரூபிக்குக் கண் சொருகியது. "அவுகளப் படுக்கச் சொல்லுங்க தம்பி. ஏனத்தை நா கழுவிக்கிறேன்" என்றாள் மாயம்மாள்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது, புற்றுநோய்தான், ஆனால் பரவவில்லை, ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர்.

அதைச் சொல்ல ரூபி மறுபடி தோட்டத்துக்குப் போனாள். வழியெல்லாம் யோசித்து வைத்தது நேரில் வாயில் வரவில்லை.

"அதுதான்க்கா" என்றாள்.

மாயம்மாள் மடியிலிருந்த பூவைக் கூடையில் கொட்டினாள். "மாரை எடுத்துருவாகளா?"

"கட்டிய மட்டும் எடுத்தாப் போதும்னு சொல்றாங்க."

"பெறகு பூப்பறிக்கக் கை ஓடுமா?"

"கொஞ்ச நாளாகும். ஓடும்க்கா."

அப்போதுதான் மாயம்மாள் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "என்னைக்கு வரணும்?" என்று கேட்டாள்.

அன்று சிரித்த பெண்களில் ஒருத்தி, "எனக்கும் பாத்துருங்க நர்சம்மா" என்று வந்தாள். இன்னொருத்தியும் அவள் பின்னாலேயே வந்தாள். பக்கத்து வரிசை மூக்காயி மட்டும் தலை நிமிராமல் பறித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஆள விடுங்க."

ரூபி அன்று அவளை வற்புறுத்தவில்லை. மூக்காயிக்காக இன்னும் எத்தனை தடவை நடக்க வேண்டியிருக்குமோ என்று நினைத்தபடி, இருவரையும் கூட்டிக்கொண்டு, மறைவாகச் சோதித்துப் பார்க்கப் பம்புசெட் ரூமுக்கு நடந்தாள்.