காணாமல் போன நான்கு எட்டுகள்

வால்பி என்ற புறநகரில் பாத சிகிச்சை நிலையம் நடத்தும் போடிலைப் பார்க்க ஹென்னிங் ஸ்கோவ் ஒரு நோயாளியாகத்தான் பதிவு செய்துகொண்டார். செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். நான்கு முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். முப்பது பாலே நடனங்களை அமைத்தவர், எழுபத்தோரு வயதுக்காரர். ஒரு கேள்வி கேட்க அவருக்குக் கால் ஆணி சாக்காகத் தேவைப்பட்டது.

கதவைத் திறந்த போடில் ஒரு கணம் பார்த்தாள்.

"போன தடவைக்கு நன்றி, ஹென்னிங்."

அந்த நாட்டில் யாரை மறுபடி சந்தித்தாலும் எல்லோரும் முதலில் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அவர்களுடைய போன தடவை முப்பத்தொரு வருடங்களுக்கு முந்தையது. 'உப்புக்காற்று' என்ற அவருடைய நடனத்தில் தனி ஆட்டத்தை அன்னலீஸ் ஆடினாள். அவளுக்கு முடியாமல் போனால் ஆடுவதற்காக, போடில் இரண்டு மாதம் பின்வரிசையில் நின்று கற்றாள். கடைசி வாரத்தில் ஒரு நாள் உனக்கு என்று ஹென்னிங் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று பாரிஸிலிருந்து ஒரு விமர்சகர் வருகிறார் என்று தெரிந்ததும் அன்னலீஸையே மேடைக்கு அனுப்பினார்.

"உக்காரு. வலது காலா, இடது காலா?"

"ரெண்டும்."

"பேராசை இன்னும் போகல."

அவள் அவருடைய பாதத்தைத் துண்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "அடேயப்பா. இத வச்சுக்கிட்டா ராஜகுமாரனா ஆடின?"

"அப்போ காலுறை இருந்துச்சே."

அவள் சிறு கத்தியால் காய்ப்பைச் சீவத் தொடங்கினாள். ஹென்னிங் பேசவில்லை. ஒத்திகைக் கூடத்தில் அவருடைய மௌனத்துக்கு எல்லோரும் நடுங்குவார்கள். இங்கே அது வெறும் கோழைத்தனம் என்று அவருக்கே தெரிந்தது.

"கேளு," என்றாள், நிமிராமல். "ஆணி எடுக்கறதுக்குன்னு யாரும் ரெண்டு ரயில் மாறி இங்க வர்றதில்ல."

"உப்புக்காற்ற மறுபடி போடுறாங்க. இன்னும் மூணு வாரம். அப்போ படம் பிடிச்சவன் நாடா மாத்துற நேரத்துல தனி ஆட்டத்துல ஒரு துண்டு விட்டுப்போச்சு. நாலு எட்டு."

நடனக்காரர்களுக்குக் கணக்கு எட்டு எட்டாகத்தான். நான்கு எட்டு என்றால் அரை நிமிடம்கூட இல்லை. அது இல்லாமல் மற்றது நிற்காது.

"அன்னலீஸ்?"

"இருபத்திரெண்டு தடவ ஆடினவ, ஒண்ணும் ஞாபகமில்லையாம். பேரப்பிள்ளைங்களப் பத்திக் கேளு, சொல்றேங்கறா."

"நீயே செஞ்சதுதானே?"

"மறந்துட்டேன். புதுசா மூணு விதமா செஞ்சு பார்த்தேன். பொய்ப்பல் மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது." அவர் தரையைப் பார்த்தார். "உங்கிட்ட கேக்க எனக்கு யோக்கியத இல்ல, போடில்."

கத்தி நின்றது.

"எனக்குன்னு நீ சொன்ன அந்த நாள்ல எங்கப்பா எங்க ஊரு ரீபேலேர்ந்து வந்திருந்தார். கல்யாணக் கோட்டு போட்டுக்கிட்டு. நான் ஆடலைன்னு சொல்ல நேரமில்ல. மேடையில அன்னலீஸப் பார்த்துட்டு எங்கிட்ட வந்து, மேக்கப்புல எவ்வளவு மாறிட்டியேம்மான்னார்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"சாகுற வரைக்கும் அது நான்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தார். நானும் மறுக்கல."

கத்தியைத் தட்டில் வைத்தாள். அடியில் சக்கரம் வைத்த சிகிச்சை நாற்காலியோடு அவரைச் சுவர்ப்பக்கம் தள்ளினாள். மரச்செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கை கழுவும் தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்று மெட்டை மெல்ல முணுமுணுத்தபடி ஆடினாள்.

முழங்கால் பாதிதான் உயர்ந்தது. அது பெரிதில்லை. தோள் முதலில் போயிற்று. கால் மனமில்லாமல் பின்னால் வந்தது. முதுகு திரும்பும்போது, காற்றை எதிர்த்து ஒரு கதவைச் சாத்துவதுபோல் இருந்தது. ஆமாம், இதுதான். முதல் எட்டு. இரண்டாவது. மூன்றாவதில் அந்தச் சின்னத் தடுமாற்றம். நான்காவது. எல்லாம் இருந்தது. அவர் மறந்ததை, அவர் ஏறிட்டுப் பார்க்காத ஒருத்தி பத்திரமாக வைத்திருந்தாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"இடது கை தாமதம். ரெண்டாவது எட்டுல தோளோடயே கிளம்பணும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. "ஐயோ. மன்னிச்சுக்கோ, பழக்கதோஷம்..."

"திரும்பச் சொல்லு."

"போடில், நான் வேணும்னு..."

"திரும்பச் சொல்லு ஹென்னிங். ரெண்டு மாசம் பின்னாடி நின்னேன். ஒரு தடவகூட நீ என்னத் திருத்தினதில்ல. நான் ஆடினது சரியா தப்பான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

அவர் எழுந்தார். குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு அவளிடம் போய், மணிக்கட்டைப் பிடித்துத் தோளோடு சேர்த்து மெல்ல நகர்த்தினார். ஒரு முறை. இன்னொரு முறை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பதுபோல் நின்றாள்.

வாசல் மணி அடித்தது. அடுத்த நோயாளி.

"யூட்டே, காபி இருக்கு, ஊத்திக்க! பத்து நிமிஷம் ஆகும்!" என்று போடில் கத்தினாள்.

ஹென்னிங் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்று, எண்ணத் தொடங்கினார். இந்த முறை கை தோளோடு கிளம்பியது. அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முடித்து, மூச்சு வாங்க நின்று, அவரை நேராகப் பார்த்தாள்.

"சரி," என்றார் ஹென்னிங். "இப்போ சரியா இருக்கு."