கைப்பிடி எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை குற்றாலத்தில் அறை எடுத்து, அருவிச் சத்தத்தைக் கேட்டபடி யோசித்துப் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. அறை எடுத்தது உண்மைதான். அங்கே நான் செய்ததெல்லாம் புரோட்டா தின்றதும் தூங்கியதும். கதை கிடைத்தது தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் பஸ்ஸில்.

முன் இருக்கையில் ஒரு பெண். அவள் மடியில் துணி உறை போட்ட நீளமான தூண்டில் கம்பு. பக்கத்தில் குடையோடு ஒரு அம்மா. அந்தப் பெண் போனில் சொன்னாள்: “கைப்பிடி வலப்பக்கம் இருக்குதான்னு பாருங்க மச்சான்.” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். இலத்தூர் விலக்கில் இருவரும் இறங்கிவிட்டார்கள்.

இவ்வளவுதான் என் கையிருப்பு. மிச்சமெல்லாம் புளுகு.

2

‘சாரல் பொழிந்துகொண்டிருந்த ஒரு மாலையில்…’

வேண்டாம். தென்காசிக் கதை என்றால் மழை பெய்தே தீரவேண்டும் என்று சட்டமா?

‘ஷஹானா இடது கைக்காரி.’

இது பரவாயில்லை. மொத்த வம்பும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அவள் கணவன் திவான் ஒலிக்கு ஷார்ஜாவில் வேலை. போன விடுப்பில் வந்தபோது, தூண்டில் கம்பில் மாட்டி நூல் சுற்றுகிற பெய்ட்காஸ்டிங் ரீல் ஒன்று கொண்டுவந்தான். இலத்தூர்க் குளத்தில் ரப்பர் தவளையை வீசி விரால் பிடித்தான். திரும்பிப் போகும்போது அதை பீரோ மேல் வைத்து, “ஒருத்தரும் தொடப்பிடாது” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் விமானம் தரை இறங்குவதற்குள் ஷஹானா தொட்டுவிட்டாள்.

(ரீல் பற்றித் தெரியாதவர்களுக்கு: இந்த வகை ரீலில் நூல் ஓடும்போது சுருளைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். எனக்கும் நேற்றுவரை தெரியாது. செல்போனில் வீடியோ பார்த்தேன்.)

முதல் மாதம் முழுக்க அவள் சிக்கெடுத்தாள். அப்புறம் விரால் எடுத்தாள். ஆனால் ஒரு குறை. ரீலின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. வலது கையால் வீசுகிற திவானுக்கு அது சௌகரியம். வலது கையில் கம்பு, இடது கையில் கைப்பிடி. ஷஹானா இடது கையால் வீசுகிறவள். வீசியதும் கம்பை வலது கைக்கு மாற்றினால்தான் சுற்ற முடியும். மாற்றுகிற அந்த இடைவெளியில் விரால் தாமரைக் கொடிக்குள் போய்ச் சுருண்டுவிடும். எத்தனை விரால் அப்படிப் போனது என்று நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

3

முதல் வரைவில் மாமியாரை வில்லி ஆக்கினேன். ‘ஹைருன் பீவி கண்கள் சிவக்க, “பொம்பளைப் பிள்ளைக்குக் குளத்தங்கரையில் என்ன…”’

அதற்கு மேல் ஓடவில்லை. பஸ்ஸில் குடையோடு பார்த்த அந்த அம்மாவின் முகம் குறுக்கே வந்து நின்றது. அந்த முகத்தில் வில்லத்தனம் இல்லை, பசிதான் இருந்தது. ஆகவே என் கதையில் ஹைருன் பீவி மருமகளுக்குக் குடை பிடிக்கிறார்; மீன் நழுவினால் மருமகளைவிட அதிகமாக வருத்தப்படுகிறார். ஒவ்வொரு விராலையும் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பி, “சந்தையில வாங்குனது வாப்பா, நல்ல தெளிச்சி, இப்பப் பிடிச்ச மாதிரி” என்று கூசாமல் சொல்கிறவரும் அவர்தான்.

4

இப்போது போன். ஷஹானா மாமியாரோடு குளத்துக்குப் போகும் பஸ்ஸில் இருக்கிறாள், திவான் ஒலி ஷார்ஜாவில் ரீல் கடையில் நிற்கிறான். இரண்டு வருஷமாக ஆசைப்பட்ட புது ரீல். ஒன்றுதான் வாங்க முடியும்.

“கடைக்காரன் இது பாஸ்னு ஒரு வெளிநாட்டு மீனுக்குங்கான். விராலுக்கும் இதுதானாம். பழசு மாதிரியே கைப்பிடி இடப்பக்கம் வாங்கிருதேன். என்ன சொல்லுத?”

“எனக்கு என்ன தெரியும் மச்சான்?” என்று சொல்லியிருந்தால் ரகசியம் பத்திரம். ஆனால் பழைய ரீலின் பல்சக்கரத்தை அவள் தேய்த்தே தீர்த்திருந்தாள். சுற்றினால் காப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம். வரப்போகிற புதுசும் இடப்பக்கம் என்றால், வாழ்நாள் முழுக்கக் கம்பைக் கை மாற்றிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். மாமியார் அவள் தொடையைக் கிள்ளினார். அது ‘சொல்லாதே’யா, ‘சொல்லு’வா என்று எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

“கைப்பிடி வலப்பக்கம் இருக்குதான்னு பாருங்க மச்சான்.”

5

அதற்குப் பிறகு வந்த மௌனத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

சிக்னல் போய்விட்டது. (கோழைத்தனம். அடித்துவிட்டேன்.)

“யாரைக் கேட்டு என் ரீலைத் தொட்ட?” (எழுதிப் பார்த்தேன். அவன் வாயில் நிற்கவில்லை. கடையில் நின்றுகொண்டு பெண்டாட்டியிடம் யோசனை கேட்கிறவன் அப்படிப் பேசமாட்டான்.)

மூன்றாவது:

“ஏட்டி, சந்தையில வாங்குன விராலுக்கு உதட்டுல எதுக்கு ஓட்டை?”



“ஒவ்வொரு போட்டோவையும் பெருசாக்கிப் பாக்குதேன். எல்லாத்துலயும் ஓட்டை. நீயா சொல்லுவன்னு இருந்தேன். அதுக்குத்தான் இப்ப கேட்டதே.”

அவ்வளவு நேரமும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவன் அவன். அப்போதுதான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் கேட்டேன். ஹைருன் பீவி போனைப் பிடுங்கி, “ஏலே, யாரு பிடிச்சா என்ன, குழம்பு எனக்கு” என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் கடைக்காரன் இரண்டு டப்பாக்களோடு காத்திருக்கிறான். வலப்பக்கம் வாங்கினால் அது ஷஹானாவின் ரீல். திவான் ஒலி தன் விடுப்பு முழுக்கக் காப்பிக்கொட்டை அரைக்க வேண்டும். இடப்பக்கம் வாங்கினால் அது அவனுடைய ரீல். அவள் பழையபடி கை மாற்ற வேண்டும். இரண்டு வருஷ ஆசை அவனுக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு.

(‘திவான் ஒலி ஒரு டப்பாவை எடுத்து…’ என்று ஒரு வரி கிடக்கிறது. எந்த டப்பா என்று எழுத என்னால் ஆகவில்லை. நான் வலது கைக்காரன். என் யோசனையை நம்பக் கூடாது.)

புது ரீலோடு அவன் பெட்டி ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கிவிட்டது. தென்காசி வீட்டில், கூடத்தின் நடுவில் இருக்கிறது. ஷஹானா தள்ளி நிற்கிறாள், தொடமாட்டேன் என்கிறாள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. யாராவது திறந்துதானே ஆக வேண்டும்? நீங்களே திறந்துவிடுங்கள். ஆனால், பூட்டை நோக்கி உங்கள் எந்தக் கை முதலில் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.