எஞ்சினை மட்டும் அணைக்காதே

ஏசியை அணைத்தாள். அப்பாவுக்காகப் போட்டிருந்த பாட்டை நிறுத்தினாள், செல்போன் சார்ஜரைப் பிடுங்கிப் போட்டாள். கார்க் கண்ணாடிகளை ஒரே தடவையில் முழுக்க இறக்கிவிட்டாள். பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்த அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது. ஏசியை ஏன் நிறுத்துன?”

“பேட்டரி லைட் எரியுதுண்ணா. ஆல்டர்னேட்டர் போயிடுச்சு.”

“நேத்துதானே புது பேட்டரி மாத்துனேன்!”

“அதைத்தான் இப்ப தின்னுக்கிட்டு ஓடுது.”

ஒரு வாரமாகவே வண்டி ஜாடைமாடையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சிக்னலில் நின்றால் முகப்பு விளக்கு மங்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பளிச்சென்று எரியும். முன்பக்கத்தில் விடாமல் ஒரு முனகல். காலையில் ஸ்டார்ட் ஆக மூக்கால் அழும். ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டவேண்டிய ஆல்டர்னேட்டர்தான் படுத்துவிட்டது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். தினமும் அதே வண்டியில் வேலைக்குப் போய்வருகிறவளுக்கு அதன் குரல் தெரியாதா? அண்ணன் கேட்டால்தானே! பேட்டரியை மாற்றிவிட்டு, தீர்ந்தது கதை என்று கையைத் தட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரி அலைச்சலில் அவளும் விட்டுவிட்டாள்.

மதியம் டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்று ராத்திரி தாண்டாது என்றார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “உங்கம்மாகிட்ட கொண்டு போயிடு, வாண்டு.” தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவள் அப்பாவுக்கு வாண்டுதான். அம்மா இடுப்பெலும்பு முறிந்து வீட்டில் படுத்த படுக்கை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“ஓரமா நிறுத்து, டாக்ஸி பிடிப்போம்” என்றான் அண்ணன்.

“இறக்கி ஏத்தும்போதே போயிட்டாருன்னா?”

அண்ணன் ஸ்கேன் உறையை எடுத்து அப்பாவுக்கு விசிற ஆரம்பித்தான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நின்ற வண்டிகளெல்லாம் எஞ்சினை நிறுத்தின.

“நீயும் அணைச்சிடேன். மிச்சமாகுமே?”

“அணைச்சா மறுபடி கிளம்பாதுண்ணா.”

பிரேக்கை மிதித்துக்கொண்டே நின்றால் பின்விளக்கு எரியும். அந்த மின்சாரத்தைக்கூட விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்க, மேற்கே பார்த்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டினால் முகப்பு விளக்கைப் போட வேண்டும், போட்டால் வண்டி படுத்துவிடும். சனியன் பிடித்த ரயில் ஆடி அசைந்து வந்தது.

கேட் திறந்தபோது டாஷ்போர்டில் ஒவ்வொரு விளக்காக முளைக்கத் தொடங்கியது. ஸ்டீயரிங் அம்மிக்கல்லாகக் கனத்தது. கடைத்தெருவில் கூட்டம். ஹாரனை நம்ப முடியாது. தலையை வெளியே நீட்டி, “வழி விடுங்க! வழி விடுங்க!” என்று கத்தினாள். அண்ணனும் மறுபக்கம் தலையை நீட்டித் தொண்டை கிழியக் கத்தினான்.

அப்பாவின் உதடு அசைந்தது. “ரெண்டு பேரும்... காய்கறி விக்கிறீங்களா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தெரு திரும்பியபோது எஞ்சின் இருமியது, குலுங்கியது, அப்புறம் மூச்சே இல்லை. கியரை விடுவித்தாள். வண்டி வந்த வேகத்திலேயே உருண்டுபோய் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

“வந்துட்டோம்ப்பா!” என்று இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் குத்தினாள்.

பக்கத்து வீட்டுக்காரரும் அண்ணனுமாக அப்பாவைத் தூக்கிப்போய் அம்மாவின் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில் கிடத்தினார்கள்.

“இவ்வளவு நேரமா?” என்றாள் அம்மா.

“உம்பொண்ணு ஏசிகூட போடல.”

அம்மா துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள். வாண்டு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். உள்ளே இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அம்மா சிரிப்பதுகூடக் கேட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு அவள் கதவைத் திறந்தபோது அப்பாவின் கை அம்மாவின் கைக்குள் இருந்தது. அப்பா போய்விட்டிருந்தார்.

அவள் வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜெயித்துத்தான் இருந்தாள்.

காலையில் அப்பாவைக் கொண்டுபோகும் வண்டி வந்தது. வாசலில் கார் மறித்துக்கொண்டு நின்றது. அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போனான்.

“நான் தள்ளுறேன். நீ பிடி.”

தெருக்காரர்கள் நாலைந்து பேர் கூடவே கைகொடுத்தார்கள். திறந்திருந்த ஜன்னல் வழியாக, துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா சொல்வது கேட்டது. “வந்து, என்கிட்ட பேசிட்டுத்தான் போனாரு.”

கார் மெல்ல நகர்ந்தது. அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இழுத்துத் திருப்பினாள்.